ஈரத்துண்டும் பன்னிரண்டாவது துணியும்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் துண்டில் தொடங்கியது. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் ஒப்பந்த உதவியாளன், பெயர் ஜெபஸ்டின். ஆனால் கதை ஆராய்ச்சி மாணவி ஷஹானாவுடையது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பாழாய்ப்போன குற்றாலச் சாரல் அவள் ஆராய்ச்சியை...’

(அடித்துவிட்டேன். சாரல் வந்து மறுக்காது என்ற தைரியத்தில் எழுதியது.)

2

ஊசிமுனையிலிருந்து மின்விசையில் பாயும் பாலிமர், தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய இழையாகி, சுழலும் உருளையில் சுற்றிய துணிமேல் படியும். இழைகள் ஒரே திசையில் படிந்தால்தான், அந்தத் துணியில் செய்த முழங்கால் பட்டை கால் மடங்குவதைச் சரியாக அளக்கும். ஷஹானாவுக்கு முதல் பதினொரு துணிகளும் சிக்குப்பிடித்த தலையாக வந்தன. பன்னிரண்டாவது மட்டும் வாரிச் சீவியதுபோல் வந்தது. ஏன் என்று சொல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. மூன்று வருட உழைப்பு.

3

(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். அவள் அதற்கெல்லாம் மசியவில்லை.)

அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அண்ணே, பன்னெண்டாவது துணி வந்த அன்னைக்கி மட்டும் இங்கன ஒங்க துண்டு கெடக்கலையே, ஏன்?”

“வெள்ளம் வந்து அருவில தடைல்லா. யாரு குளிக்கப் போனா?”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சீசனில் இந்த ஊரில் எதுவும் காயாது. தினமும் அருவியில் குளித்துவிட்டு வரும் நான், அந்த அறையின் ஈரம் உறிஞ்சும் எந்திரத்தின்மேல்தான் துண்டை விரிப்பேன். அறைக் காற்றில் ஈரம் ஏறினால் இழைகள் சிக்கிக்கொள்ளும். என் துண்டு காய்ந்தது, அவள் இழை கெட்டது. வெட்கமாக இருந்தது.

4

மறுநாள் அருவி திறந்திருந்தது. நான் துண்டை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தேன். பதின்மூன்றாவது துணியும் சீராக வந்தது.

ஷஹானா பதிவேட்டில் ‘காரணம்: எந்திரத்தின்மேல் ஈரத்துண்டு’ என்று எழுதினாள். ‘பொறுப்பு’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே எழுதுங்கண்ணே. நான் எழுதுனா புகார் ஆயிரும்.”

இந்த மாதம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

5

முடிவு ஒன்று: எழுதுகிறேன். வேலை போகிறது.

முடிவு இரண்டு: எழுதவில்லை. கட்டம் ஏன் காலி என்று தேர்வாளர் கேட்கிறார். ஷஹானா என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலைகுனிந்து நிற்...

(இதை முடிக்கக் கை வரவில்லை.)

பதிவேடு நாளைக்குத் தேர்வாளரிடம் போக வேண்டும். கட்டம் இன்னும் காலி. ஆனால் முதல் பத்தியைத் திரும்பிப் பாருங்கள். அங்கே என் பெயரை எழுதிவிட்டேன். நீங்களும் படித்துவிட்டீர்கள். சாரலை அடித்ததுபோல் அதையும் அடிக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.