ஆட்சேபணை உண்டா?

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான், தான் அப்பாவாகிவிட்ட செய்தி அந்த மெக்கானிக்குக்கு வந்தது. தத்து நிலையத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். அவனுடைய பழைய சிநேகிதிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். தத்துக்கொடுக்கப் போகிறாளாம். தகப்பன் யார் என்று கேட்டதற்கு இவனைச் சொல்லியிருக்கிறாள்.

"உங்களுக்கு ஆட்சேபணை உண்டா இல்லையான்னு நேர்ல வந்து சொல்லணும். மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்."

"ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு அவனே திருப்பி அழைத்து, "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டான். ஏன் கேட்டோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அக்காவிடம் சொன்னான். அவள் குதித்தாள். "நம்ம ரத்தம்டா! யாரோ தூக்கிட்டுப் போறதப் பார்த்துக்கிட்டு இருப்பியா?"

அத்தான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்டிக்கட்டை. இவன் துவைச்ச துணியே நாலு நாள் கொடியில கிடக்குது. பிள்ளைய யாரு பார்ப்பா?"

இருவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. அதுதான் வம்பு.

செருப்புக் கடை மாடியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தான்.

"பெத்துட்டா மட்டும் உரிமை மடியில வந்து விழாது தம்பி. நீங்க கேக்கணும். டெஸ்ட்ல உங்க குழந்தைதான்னு தெரியணும். வளர்க்க வழி இருக்குன்னும் காட்டணும்."

"கேக்கலேன்னா?"

"அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நீங்க யாரோ."

"நான் என்ன சார் செய்யறது?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு என்ன வேணும்?"

அது தெரிந்திருந்தால் அவன் ஏன் அந்த மாடி ஏறப்போகிறான்?

அந்தச் சிநேகிதி வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் போய் நின்றான். வேறு ஊரில் வேலை என்று கிளம்பிப் போனவன், அதற்குப்பின் அவளுக்கு ஒரு போன்கூடப் போட்டதில்லை. அவள் இளைத்திருந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவளே தொடர்ந்தாள். "உன்மேல கோபத்துல கொடுக்கல. என்னால முடியாது, அவ்வளவுதான். வாங்கிக்கப் போறவங்களைப் பார்த்தேன், நல்ல மனுஷங்க. நீ கேட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா பாதியில கொண்டு போய் விட்டுடாதே. அதுக்குப் பதிலா இப்பவே பேசாம இரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பும்போது தலை இன்னும் சுற்றியது.

டெஸ்ட் முடிவு வந்தது. அவனுடைய குழந்தைதான். நிலையத்தில் பார்க்க விட்டார்கள். சோப்பு போட்டுத் தேய்த்தும் நகத்தடியில் கிரீஸ் போகவில்லை. ஆயா குழந்தையைக் கையில் வைத்தாள். மனசு உருகிவிடும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் உருகவில்லை. பயமாக இருந்தது. குழந்தை அவனைப் பார்க்காமல் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"கொடுங்க" என்றாள் ஆயா.

கை நீளவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றான். ஆயா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

குழந்தையைக் கொடுத்துவிட்டு நேரே அடுத்த அறைக்குப் போனான். போனில் பேசிய அந்தப் பெண் நிமிர்ந்தாள். "ஆட்சேபணை உண்டா?"

"உண்டு" என்றான். ஒரு நொடி கழித்து, "ஆனா செய்யறது சரியான்னு தெரியலைங்க" என்றான்.

"அதை எழுத இதுல இடமில்லைங்க" என்றாள் அவள், சிரிக்காமல்.

பிறகு நிலையத்திலிருந்து அவன் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அக்கா அடுத்த தெருவிலேயே இருப்பதும், பகலில் அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் கைகொடுத்தன. கோர்ட் குழந்தையை அவனிடமே ஒப்படைத்தது. அக்கா அழுதாள். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்தார்.

வாங்கிக்கொள்ள இருந்த தம்பதி குழந்தைக்கென்று ஓர் அறையையே தயார் செய்து வைத்திருந்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களிடம் பேச வேண்டும் என்று நிலையத்துப் பெண்ணைப் போனில் கேட்டான்.

"என்ன சொல்லப் போறீங்க?"

யோசித்துப் பார்த்தான். மன்னிப்பா, நன்றியா, எதுவென்று தெரியவில்லை. அதற்குள் தொட்டிலில் அழுகை எழுந்தது. "அப்புறம் பேசறேங்க" என்று போனை வைத்துவிட்டுப் போய்த் தூக்கினான்.