வெடிச் சத்தம் கேட்காத ஞாயிறு

ஈஸ்டர் மாலைப் பூசை முடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய அனோஜா சேலைகூட மாற்றவில்லை, போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். போன மாதம் இப்படித்தான் எவனோ கூப்பிட்டு, ரஷ்யாவில் மாட்டிக்கொண்ட உன் புருஷனை மீட்டுத் தருகிறேன் என்று இனிக்க இனிக்கப் பேசி, அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அன்றிலிருந்து எந்தக் குரல் மீதும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

எடுத்தாள். பேசவில்லை.

"அனோஜா, நான்தான். சாள்ஸ். நேபாளத்துக்காரன் ஒருத்தனோட போன்."

குரல் அவனுடையதுதான். ஆனால் குரலைக்கூட இப்போது களவெடுக்கிறார்கள் என்று கரவனெல்லையில் போன் கடை வைத்திருக்கும் முக்தார் சொல்லியிருந்தான்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு ஏன் கோயிலுக்குப் பிந்தி வந்தீங்க? சொல்லுங்க பாப்போம்."

"யட்டியாந்தோட்டையில த்ரீவீல் டயர் வெடிச்சிருச்சி. லொறியில தொத்திக்கிட்டு வந்தேன். உங்கண்ணன் அடிக்கவே வந்தாரே."

அனோஜா கட்டிலில் உட்கார்ந்தாள். ஹோட்டல் குசினியில் வேலை என்று சொல்லித்தான் ஓர் ஏஜென்ட் அவனை ரஷ்யாவுக்கு அனுப்பினான். சுடும் துவக்கையே தொட்டுப் பார்க்காத மனிதனுக்கு அங்கே ரஷ்யப் பட்டாளத்துப் பச்சைச் சட்டையை மாட்டி, உக்ரைன் எல்லைப் பக்கம் ஒரு பதுங்கு குழியில் இறக்கிவிட்டார்கள்.

"இன்னைக்குக் காலையிலருந்து ஒரு வெடி இல்ல," என்றான். "யாரும் உத்தரவு போடல. எதிர்ப்பக்கத்துல ஒருத்தன் கம்புல வெள்ளத்துணி கட்டித் தூக்கிக்கிட்டு, 'கிறிஸ்து உயிர்த்தார்'னு கத்துனான். எங்க பக்கத்துலருந்து, 'மெய்யாவே உயிர்த்தார்'னு திருப்பிக் கத்துனாங்க. ரெண்டு பக்கத்துக்கும் அதுதான் ஈஸ்டர் வணக்கமாம்."

"அப்புறம்?"

"நடுவுல கெடந்த பொணங்கள எடுக்க ஆள் எறங்குச்சி. சுடுறாங்களான்னு பாக்க வெளிநாட்டு ஆக்கள் எங்களத்தான் முதல்ல அனுப்புனாங்க. அந்த வெள்ளத்துணிக்காரன் எனக்கு ஒரு துண்டு ரொட்டி குடுத்தான்."

"தின்னீங்களா?"

"இல்ல. அவன் பிச்சித் தின்னு காட்டுனான். அப்பவும் பையிலதான் வச்சேன்."

சாள்ஸின் குரல் தணிந்தது. "அவன் என்னை அவங்க பக்கம் வந்துடச் சொல்றான். ஸ்ரீலங்கான்னு சொன்னதும் போனுல சிங்களத்துல எழுத்து வரவச்சிக் காட்டுனான். இருட்டுறதுக்குள்ள கையத் தூக்கிக்கிட்டு வந்தா சுடமாட்டோம்னு இருந்திச்சி. போகவா? பின்னாலருந்து எங்க ஆக்களே சுட்டுருவாங்களோன்னும் பயமா இருக்கு."

அந்த ஏஜென்ட்டும் கேக் பெட்டியோடு வந்து, முதல் துண்டைத் தானே தின்றுவிட்டுத்தான் அவர்களுக்கு நீட்டினான். சாள்ஸின் தாய் லூர்தம்மாவை வாய் நிறைய அம்மா என்றான்.

"அந்தாளு சிரிச்சிச் சிரிச்சிப் பேசுறானா?"

"சிரிப்பே இல்ல. ஏசுற மாதிரிதான் பேசுறான். எங்க ஆளு ஒருத்தனோட பொணத்த என்னால தூக்க முடியல. இவன் வந்து கால் பக்கம் பிடிச்சி, எங்க துவக்குக்கு நேரா நடந்து வந்து, குழிக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போனான்."

குசினியிலிருந்து லூர்தம்மா, "யாரும்மா போன்ல?" என்றாள். அனோஜா எழுந்து கதவைச் சாத்தினாள். இந்த முடிவில் அந்தத் தாய்க்குப் பங்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

"போங்க," என்றாள்.

அதோடு லைன் அறுந்துவிட்டது.

பிறகு அந்த நம்பர் அடிக்கவே இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி ஆழமாகப் போனது, கங்காணி ஏசினார். அது சாள்ஸ்தானா? சாள்ஸ்தான் என்றால், பக்கத்தில் எவனாவது நின்று கேட்க வைத்தானா? நானே அவரைச் சாகச் சொல்லிவிட்டேனா? லூர்தம்மாவிடம் அன்று ராங் நம்பர் என்றுதான் சொல்லியிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது முக்தார் ஆள் அனுப்பினான். கடையில், இணையத்தில் வந்த ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். மொட்டைத் தலையோடு, ஒரு நாற்காலியில் சாள்ஸ். உக்ரைனில் கைதியாக இருக்கிறானாம். முதலில் சிங்களத்தில் பேசி, பிறகு தமிழுக்கு மாறினான்.

"பாதித் தூரம் போனதும் பின்னாலருந்து சுட்டாங்க. வெள்ளத்துணிக்காரர் ஓடி வந்து என்னை இழுத்துக் குழிக்குள்ள போட்டாரு. அவருக்குக் கழுத்துல பட்டிருச்சி. அங்கயே முடிஞ்சிருச்சி. பேரு மிக்கோலான்னு அப்புறமாத்தான் கேட்டேன்."

"துவக்க நீட்டிச் சொல்ல வைக்கிறதும் உண்டு, அக்கா," என்றான் முக்தார். "முழுசா நம்பாதீங்க."

அனோஜா இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்த முறை சத்தத்தைக் குறைத்துவிட்டு, முகத்தையும் கைகளையும் மட்டும் பார்த்தாள். அந்தப் பெயரைச் சொல்லும் இடத்தில் அவன் வாய் கோணியது. கமரா இருப்பதையே மறந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"இத யாரும் சொல்லிக் குடுக்க ஏலாது, தம்பி," என்றாள்.

வீட்டுக்கு வந்து லூர்தம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் போகச் சொன்னதையும் சொன்னாள். லூர்தம்மா வெகுநேரம் அழுதாள். பிறகு, செத்தவனின் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.