கோப்பையோடு போன ஹில்க்கா

ஐஸ் ஹாக்கி இறுதித் தொடர் தொடங்கிய அன்று காலை, ஹில்க்காவின் வலது கை வெற்றிக் கோப்பையில் ஒட்டிக்கொண்டது. கூசிவாரா ஊர் அரங்கில் காப்பிக்கடை நடத்துகிறவள் அவள். அந்த ஊர் அணியின் கோல்கீப்பர் யாக்கோ அவளுடைய ஒரே மகன். ஜெயிப்பதற்கு முன்னால் கோப்பையை யாரும் தொடக்கூடாது என்பது ஃபின்லாந்தில் கைக்குழந்தைக்கும் தெரியும், ஹில்க்காவுக்கும் தெரியும். ஆனால் காட்சிக்கு வைத்திருந்த கோப்பையின் விளிம்பில் காப்பிக் கறை இருந்தது. அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. துடைத்தாள், துணி நழுவியது, உள்ளங்கை வெள்ளியில் பட்டது, அவ்வளவுதான்.

வெந்நீர் ஊற்றினார்கள், வெண்ணெய் தடவினார்கள். டாக்டர் வந்து பார்த்து, கையும் நலம் கோப்பையும் நலம் என்று சொல்லிவிட்டுப் போனார். கோப்பை ஆட்டம் நடக்கும் ஊருக்கெல்லாம் போக வேண்டும், பிறகு ஜெயித்த ஊரில் ஓராண்டு இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. விதியில் ஹில்க்காவைப் பற்றி ஒன்றும் இல்லாததால், அவளும் கூடவே போவாள் என்று முடிவாயிற்று. எதிரணியான ஹியேதசல்மி ஜெயித்தால் வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு அடுத்த வசந்தம்வரை அவள் ஹியேதசல்மிக்காரி.

யாக்கோவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏம்மா, போயும் போயும் அதைத்தானா தொடணும்?"

"கறை இருந்துச்சுடா. நீ உன் வேலையப் பாரு."

அவன் வேலையை அவள்தான் ஒருநாளும் பார்த்ததில்லை. பந்துக்குப் பதிலாக அடிக்கிற கெட்டி ரப்பர் வட்டு மகனை நோக்கிப் பறந்து வருவதைப் பார்க்கிற தைரியம் இல்லாமல், ஆட்டம் முழுக்கக் கடைக்குள்ளேயே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். இப்போது கோப்பையின் இடம் பனித்தளத்தின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்பை ஒட்டி. அவளுடைய இடமும் அதுதான். முதல் ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதில் ஒரு கண்ணைத் திறந்தாள். மூன்றாவதில் நடுவரைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஹியேதசல்மியில் கேலிக்குக் குறைவில்லை. தொடர் முடியும்வரை தாடி எடுப்பதில்லை என்றிருந்த மீன்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, உங்களுக்கு மாடியில ரூம் ஒழிச்சு வெச்சாச்சு. ஜன்னலைத் திறந்தா ஏரி. எப்ப குடிவர்றீங்க?"

"அதுல உங்க கோச்சைப் படுக்கப் போடுங்க தம்பி. தலைவலி அவருக்குத்தான் வரப்போவுது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதன்பின் அவள் இடது கையால் ஏலக்காய் பன் சாப்பிடும்போதெல்லாம் மீன்காரர் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொள்வார்.

ஆறு ஆட்டம் முடிந்தபோது இரண்டு அணிக்கும் மும்மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டம் ஹியேதசல்மியில், அதுவும் சமநிலையில் கூடுதல் நேரத்துக்குப் போனது; இனி முதல் கோல் போடுகிறவர்களுக்கே கோப்பை. ஹியேதசல்மிக்காரர்கள் மூவர் யாக்கோவை நெருங்கி, அவன் விழுந்து கிடக்கும்போதே மறுபடி மறுபடி வட்டை வலைக்கு அடித்தார்கள். காலால் ஒன்றைத் தடுத்தான், நெஞ்சால் ஒன்றைத் தடுத்தான், கடைசியைக் கையுறையால் பிடித்தான். ஹில்க்கா இமைக்கவே இல்லை. "பாத்தீங்களா? நான் பெத்தது," என்று எதிரி ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மீன்காரர் தொப்பியைக் கழற்றினார். அடுத்த நிமிடமே கூசிவாரா கோல் போட்டது.

வழக்கப்படி கேப்டன் தபானி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினான். கூடவே ஹில்க்காவும் மேலே போனாள். ஒவ்வொருவராகக் கோப்பையை வாங்கி ஒரு சுற்று வந்தார்கள். அவள் கோட்டு பறக்க, பூட்ஸ் தரையில் படாமல், கைக்குக் கை மாறினாள். தோற்ற ஊரும் எழுந்து நின்று கைதட்டியது. கடைசியில் யாக்கோ வாங்கினான். அவன் விரல்கள் கோப்பையில் பட்டதுமே அவள் உள்ளங்கை விடுபட்டது. சட்டென்று விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கை வந்துடுச்சுல்ல?"

"பேசாம சுத்துடா."

மற்றவர்களுக்கு ஒரு சுற்றுதான். அவன் இரண்டாவது சுற்றும் போனான். தப்பென்று லீக்கும் சொல்லவில்லை, ஹியேதசல்மியும் சொல்லவில்லை.