ஃபேன் நின்ற ஒரு மணி நேரம்

சுவரிலிருந்த முதல் சட்டத்தைக் கழற்றி முடித்து, இரண்டாவதில் திருப்புளியை வைத்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பி ஏணியை விட்டு இறங்கினான். அக்காவைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வீடு மூன்றாவது மாடி. படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. அதனால் அவள் பதினொரு வருஷம் வேலை பார்த்த சலவைக்கூடத்திலேயே கிடத்தலாம் என்று முதலாளிதான் சொன்னார். இஸ்திரி போடும் நீள மேசையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். எல்லோரும் கஞ்சி என்று கூப்பிடும் இஸ்திரிக்காரம்மா, ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்த வெள்ளை விரிப்பால் அக்காவைக் கழுத்து வரை மூடினாள். மூடிய பிறகும் அதன் ஓரத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

அக்கா அங்கே இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். முந்தாநாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவள்தான், எழவில்லை. வயது முப்பத்தாறு. தம்பி பிழைக்கப் போன ஊரிலிருந்து வந்து சேர ஒன்றரை நாள் ஆயிற்று.

வந்ததும் முதலாளி அவன் கையைப் பிடித்து, கூரைக்குக் கீழே சுவரில் ஓட்டை போட்டு வரிசையாகப் பொருத்தியிருந்த பன்னிரண்டு சட்டங்களைக் காட்டினார். நாளைக்கு அந்த ஓட்டைகளை அடைக்க ஆள் வருகிறது, உடைத்துப் போடுவதற்குப் பதில் நீயே கழற்றி எடுத்துக்கொண்டு போ, தப்பாக நினைக்காதே என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. அக்கா அவற்றை மாட்டியதிலிருந்து மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தவர்.

ஒவ்வொரு சட்டத்திலும் விரல் அகல மரச் சீவல்கள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. ஊசியிலை மரத்துக் காயைப் பார்த்து அக்கா செய்தவை. இரண்டு வருஷம் இதே பேச்சுதான் போனில்.

“கீழ விழுந்து செத்த காய்டா அது. ஆனா ஈரம் பட்டா மூடிக்குது, காஞ்சா விரியுது. உயிரும் இல்ல, கரண்டும் இல்ல. நான் அதையே திருப்பி ஒட்டியிருக்கேன். ஆவி சேர்ந்தா என்னோடது தானாத் திறக்கும். அப்புறம் இந்தப் பூதம் எதுக்கு?”

பூதம் என்றால் சுவரில் இருந்த பெரிய ஃபேன். நாள் முழுக்க ஓடி ஆவியை வெளியே தள்ளுவது. அக்காவின் செதில்கள் ஒரு நாளும் திறக்கவில்லை. ஆவி அதுவரை போய்ச் சேர்வதற்குள் ஃபேன் இழுத்துவிடுகிறது, ஒரே ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். வேலை நடக்கும்போது எப்படி நிறுத்துவது, ஆட்கள் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்றார் முதலாளி. அதுவும் நியாயம்தான்.

போன வாரம் தம்பியிடம் புலம்பினாள். “விடுக்கா. உனக்கே தெரியுதுல்ல, அது திறக்காதுன்னு” என்றான். அதற்கு அவள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெளியே குளிர்காற்று, கதவைச் சாத்தினார்கள். அறுபது பேருக்கு மேல் இருக்கும். ஃபேன் இரைச்சலில் யார் அழுவதும் கேட்கவில்லை. முதலாளி எழுந்துபோய் அதை நிறுத்தினார். பகலில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

தம்பி மேசைக்கருகில் உட்கார்ந்திருந்தான். கழற்றிய சட்டம் மடியில். ஒரு மணி நேரம் போயிருக்கும். ஜன்னல் கண்ணாடிகளில் மூச்சு படிந்து வெளுத்திருந்தது. பின்னால் யாரோ புழுங்குகிறது என்றார்கள். முதலாளி மறுபடி சுவிட்சுப் பக்கம் நடந்தார்.

உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று கையை எடுத்தான். பூச்சி இல்லை. ஒரு செதில் நுனியைத் தூக்கியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அடுத்ததும்.

நிமிர்ந்தான். கூரையடியில் பதினொரு சட்டங்களும் திறந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லை. இடுக்குகளில் வெளிச்சம் முதலில் நூல் நூலாக வந்தது, பிறகு பட்டை பட்டையாக.

கஞ்சி அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

“நம்ம மூச்சா இது?” என்றாள்.

அவள் நீவி நீவி நேராக்கிய விரிப்பின் ஓரம் அக்காவின் காலடியில் லேசாக அசைந்தது. முதலாளியின் கை சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது.

தம்பி எழுந்து சட்டத்தோடு ஏணியில் ஏறினான். காலியாக இருந்த ஓட்டையில் அதைப் பொருத்தினான். திருகுகள் நான்கும் சட்டைப்பையில் இருந்தன. முதல் திருகை முடுக்கும்போது ஏணி ஆடியது. இரண்டாவதற்கு ஆடவில்லை. குனிந்து பார்த்தான். முதலாளி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.