வாடகைச் சைக்கிளில் மெட்ராஸ்

தனுஷ்கோடி வருஷத்துக்கு இரண்டு தடவை மெட்ராஸ் போய் வருவார். கழிவுப் பஞ்சு வியாபாரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகும்போது புரோக்கர்களுக்குக் கொடுக்கப் பால்கோவாப் பொட்டலம் கொண்டுபோவார். திரும்பும்போது ஊருக்குக் கொடுக்கக் கதை கொண்டுவருவார். எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்ததில் தோள்துண்டு நழுவி விழுந்த கதை. ஹைகோர்ட்டுக்குள் வழி தவறி ஜட்ஜ் முன்னால் போய் நின்ற கதை. எல்லாவற்றுக்கும் மேலே மெரினா. "சாயங்காலம் சூரியன் அப்படியே கடலுக்குள்ள முங்கும் பாருங்க. தண்ணி பூராம் செம்ப உருக்கி ஊத்துன கணக்கா ஆயிரும். அதப் பாக்காதவன் மனுசனே இல்ல" என்பார்.

கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சூரியன் தினமும் மலைக்குப் பின்னால் இறங்கும், அவ்வளவுதான். கடலைப் பார்த்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

வாயைப் பிளந்தவர்களில் அவருடைய தங்கை செல்லக்கனியும் ஒருத்தி. ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டில் தறி ஓட்டினாள். புருஷன் செத்து ஆறு வருஷம். அவன் விட்டுப்போன பார் வைத்த சைக்கிளைச் சுவரில் சாத்திவைத்து மாலை போடாமல், மூன்றாம் மாதமே சேலையை வரிந்து கட்டி ஓட்டப் பழகினாள். விழுந்து முட்டி பெயர்ந்தது. தெரு சிரித்தது. சிரித்து அலுத்த பிறகு தெரு அதை மறந்துவிட்டது, அவள் மட்டும் தினமும் எட்டு மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஜூன் மாதம், மகள் பரிபூரணத்துக்கு மெட்ராஸில் ஒரு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. வருகிற சனிக்கிழமைக்குள் பெற்றோர் நேரில் வந்து அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். செல்லக்கனி கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மெட்ராஸ் என்றால் அண்ணன்தானே.

அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கீழே வைத்தார்.

"வேண்டாம்."

"என்னண்ணே?"

"ஏட்டி, அது பொம்பளப் பிள்ள இருக்க ஊரா? ரோட்ட ஒத்தையில தாண்ட முடியாது. நானே எத்தன தடவ போயிருக்கேன், எனக்கே திக்குத் தெரியாமப் போகும். பேசாம ஆவணி பிறந்ததும் கருத்தையாவுக்கு முடிச்சிருவோம்."

கருத்தையா அவருடைய மகன். பத்தாவதில் மூன்று முறை படுத்துவிட்டுப் பஞ்சுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பரிபூரணம் அவனுக்கு முறைப்பெண். ரோடு தாண்டுகிற பயமெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று செல்லக்கனிக்கு அப்போதுதான் விளங்கியது.

"சரிண்ணே. நானே போய் அந்த ஊரப் பாத்துட்டு வாரேன். பிள்ள இருக்க முடியுமா முடியாதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

தனுஷ்கோடி சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய கூட்டாளி தவசிமுத்துவும் சிரித்தார். "போ, தாராளமாப் போ. கெழக்க மேக்க தெரியாம எழும்பூர் ஸ்டேசன்ல உக்காந்து அழப்போற. பிள்ளய இங்க விட்டுட்டுப் போ" என்றார் அண்ணன். அவர் மனைவி ரத்தினம் அடுப்படியிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவள் அந்த வீட்டில் எதற்குமே ஒன்றும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலையில் செங்கோட்டை வண்டி அவளை எழும்பூரில் இறக்கிவிட்டது. வானம் மூடிக்கிடந்தது. வெளியே வந்து நாலு பேரிடம் வழி கேட்டாள். நாலு பேரும் நாலு பஸ் நம்பர் சொன்னார்கள். ஆட்டோக்காரர் அவள் கையிலிருந்த மஞ்சள் பையையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அது அவளுக்கு ஒரு வாரச் சம்பளம். போய்யா என்று சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டாவது தெருவில் சுவரோரம் வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன. வாடகைக் கடை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"இன்னாமா, யாருக்கு?"

"எனக்குத்தான். சாயங்காலம் வரைக்கும் வேணும்."

கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "அட்ரஸ் சொல்லு."

"பேண்டேஜ் கம்பெனிக்கு வடக்க மூணாவது வீடு."

"எந்த ஏரியாமா அது?"

"ராஜபாளையம்."

அவர் தலையிலடித்துக்கொண்டார். ராஜபாளையத்தில் இந்த விலாசத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். செல்லக்கனி பேசிப் பார்க்கவில்லை. சேலையைச் செருகினாள், பாரைத் தாண்டி ஏறி உட்கார்ந்தாள், தெருமுனை வரை போய், கையை விட்டு முடியைக் கோதிக்கொண்டே திரும்பி வந்து கடை வாசலில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள். துணிப்பையை அடமானமாக வாங்கிக்கொண்டு, "லாரிக்கு மட்டும் வழி உட்டுரும்மா" என்றார் அவர். சான்றிதழ் கவரை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மியூசியத்தின் சிவப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. வந்தது. இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாள். உயரம்தான், ஆனால் துண்டு விழுகிற உயரமில்லை. இராயப்பேட்டையில் மணிக்கூண்டைத் தாண்டிப் பள்ளியைக் கண்டுபிடித்தபோது பத்தரை. ஆபீஸில் கண்ணாடி போட்ட அம்மா சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"அசல் கொடுத்திட்டா படிப்பு முடியிற வரைக்கும் எங்ககிட்டதான் இருக்கும். வீட்ல எல்லாருக்கும் சம்மதம்தானே?"

செல்லக்கனி ஒரு நொடி தயங்கினாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதானே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே, பரிபூரணம் வயதில் மூன்று பெண்கள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பேசிய பேச்சை நிறுத்தாமல், ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டி அந்த ரோட்டைத் தாண்டினார்கள். லாரி நின்றது.

"பெத்தவ எனக்குச் சம்மதம்" என்றாள். ரசீது வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. அண்ணன் சொன்ன இடம் ஒன்று பாக்கியில்லாமல். வாசலில் இருந்த வாட்ச்மேன் மதுரைப் பக்கத்துக்காரர். "சென்ட்ரலா? வடக்க போங்கம்மா, ரெண்டு மைல்தான்" என்றார். நம் ஊர்ப் பேச்சு என்று அவளுக்குச் சந்தோஷம். ஆனால் வடக்கு எது? உச்சி நேரம், வானம் இன்னும் மூடியே கிடந்தது, சூரியன் இருக்கிற இடம் தெரியவில்லை. ராஜபாளையத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. எந்தச் சந்தில் நின்றாலும் மலை தெரியும், மலை இருப்பது மேற்கு, மற்ற மூன்றும் தானாக வந்துவிடும். இங்கே மலைக்கு எங்கே போவது?

யோசித்துப் பிடித்துவிட்டாள். சூரியன் இறங்குகிற இடம் மேற்கு. இங்கே அது கடலில் இறங்குகிறது. அப்படியானால் கடல்தான் மேற்கு. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டாள், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடலுக்கு முகம் காட்டி நின்று, மேற்கைப் பார்த்தால் வலக்கைப் பக்கம் வடக்கு என்று கணக்குப் போட்டு, வலக்கைப் பக்கம் மிதித்தாள்.

மிதித்தாள் மிதித்தாள், சென்ட்ரல் வரவில்லை. ஒரு பெரிய கோபுரமும் தெப்பக்குளமும் வந்தன. பூக்காரியிடம் கேட்டால் மயிலாப்பூர் என்றாள். "சென்ட்ரலா? அது அந்தாண்ட கோடிம்மா." செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் சொன்னது சரிதானோ? திக்குத் தெரியாத ஊர்தானோ? இங்கேயா பிள்ளையைத் தனியாக விட்டுவைக்கப் போகிறோம்? சான்றிதழைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. குளத்துப் படியில் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் தின்றாள். பிறகு, வந்ததுதான் வந்தோம், அந்தக் கடலையாவது பார்த்துவிடுவோம் என்று எழுந்தாள்.

லைட் ஹவுஸுக்கு எதிரே மணலில் சைக்கிளை நிறுத்தியபோது மணி நாலு இருக்கும். மேகம் விலகி வெயில் சாய்ந்திருந்தது. கடலைப் பார்த்து அசந்துபோய் நின்றாள். எம்புட்டுத் தண்ணி! கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கீழே பார்த்தாள். அவளுடைய நிழல், சைக்கிள் நிழலோடு சேர்ந்து, கடலை நோக்கி நீண்டு கிடந்தது. வெயில் முதுகில் அடித்தது. திரும்பினாள். சூரியன் கட்டடங்களுக்கு மேலே நின்றது.

பக்கத்தில் மாங்காய் கீறி விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், "யக்கா, சூரியன் இந்தக் கடலுக்குள்ள எப்ப முங்கும்?" என்று கேட்டாள்.

"இங்க எங்க முங்கும்? காத்தால இங்கேந்து வரும். வுழுறது அந்தப் பக்கம்" என்று ஊருக்குள் கையைக் காட்டினாள் அந்த அம்மா.

செல்லக்கனி மணலில் உட்கார்ந்து சிரித்தாள். மாங்காய்க்கார அம்மா பயந்து போகிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. இத்தனை வருஷமாகக் காதில் பூ சுற்றியிருக்கிறார். அண்ணன் இந்தக் கடற்கரையில் கால் வைத்ததே இல்லை. கிடங்கும் லாட்ஜும் தவிர இந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை. பார்க்கப் பயம். அந்தப் பயத்தைத்தான் மெட்ராஸ் என்று பெயர் வைத்துப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்த்தார்.

கடல் கிழக்கு என்று தெரிந்துவிட்டதா, அப்புறம் அவளுக்கு வழிகாட்டி வேண்டியிருக்கவில்லை. கிழக்கை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே மிதித்தாள். யுனிவர்சிட்டி வந்தது, கூவம் பாலம் நாற்றத்தோடு வந்தது, கோட்டைக் கொடிமரம் வந்தது, ஹைகோர்ட்டின் சிவப்புக் கூம்புகள் வந்தன, அங்கே மேற்கே திரும்பினால் சென்ட்ரல், அடுத்தாற்போல வெள்ளையாக ரிப்பன் கட்டடம். ஒரு ஆளிடம்கூட வழி கேட்கவில்லை. ரயிலுக்கு நேரம் இருக்கையிலேயே கடை வாசலில் போய் இறங்கினாள்.

"லாரி எல்லாம் நல்லாக்கீதா?" என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். தனுஷ்கோடியும் தவசிமுத்துவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி தூணோரம் நின்றாள்.

"மெட்ராசு எப்பிடி?" என்றார் தனுஷ்கோடி, நக்கலாக.

"நல்லாருக்குண்ணே. சைக்கிள் எடுத்துச் சுத்திப் பாத்தேன். எல்.ஐ.சி., ஹைகோர்ட்டு, மெரினா, எல்லாம்."

"சைக்கிள்லயா! மெரினாவுக்கா!" அவர் தவசிமுத்துவைப் பார்த்துக் கண்ணடித்தார். "சரி, சூரியன் கடலுக்குள்ள முங்குனதப் பாத்தியா?"

"இல்ல."

"பாத்தீரா தவசிமுத்து! மெரினாவுக்குப் போனாளாம், சூரியன் முங்குனதப் பாக்கலயாம். ஏட்டி, நீ ஸ்டேசன விட்டே வெளிய வரல. என்கிட்டயே அளக்கியா?"

"அண்ணே, கடல் கெழக்க இருக்கு."

தவசிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனசுக்குள் சூரியனைக் கிளப்பி இறக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"ஆமா மாமா" என்றாள் பரிபூரணம் மெதுவாக. "வங்காள விரிகுடா கெழக்கதான் இருக்கு. ஆறாம் வகுப்பு மேப்புலயே போட்டிருக்கு."

"தெரிஞ்சிக்கிட்டா இத்தன நாள் சும்மா இருந்த?" என்றாள் செல்லக்கனி.

"மாமா பேசும்போது யாரும்மா குறுக்க பேசுவா?"

தனுஷ்கோடிக்கு முகம் கறுத்துவிட்டது. பொய் அகப்பட்டால் மனுஷன் வெட்கப்படுவான் என்று நாம் நினைக்கிறோம். அவர் எழுந்து நின்று கத்தினார். "கடல் எங்கிட்டும் இருந்துட்டுப் போகுது! பிள்ள போகக் கூடாதுன்னா போகக் கூடாது. எடு சர்டிபிகேட்ட. என் பீரோவுல இருக்கட்டும்."

"அது மெட்ராசுல அவங்க பீரோவுல இருக்குண்ணே. குடுத்திட்டு வந்திட்டேன்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். பாத்துட்டேன். பிள்ள போறா."

"அப்ப கேட்டுக்கோ. இனி நான் தாய்மாமன் இல்ல. நாளப்பின்ன இவளுக்கு எங்க கல்யாணம் நடந்தாலும் மாலையும் சீரும் எடுத்துக்கிட்டு என் கால் அந்த வாசல மிதிக்காது."

அப்பன் இல்லாத பிள்ளை. மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று செல்லக்கனிக்குத் தெரியும். இந்த ஒரு பயத்தில்தான் ஆறு வருஷமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அண்ணனும் அது தெரிந்துதான் கடைசியில் அதை எடுத்தார். வலித்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே வலித்தது. ஆனால் தலை ஆடவில்லை.

"பெட்டிய எடுத்துக்கோ" என்றாள் மகளிடம். பரிபூரணம் எடுத்து வைத்துத் தயாராகத்தான் இருந்தாள்.

வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு செல்லக்கனி திரும்பினாள்.

"மால எடுத்துக்கிட்டு வாறதும் வராததும் ஒங்க இஷ்டம்ணே. ஆனா அந்தக் கடலப் பாக்காமலே இருந்துராதீக. ஒரு நாள் சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். சைக்கிள நான் மிதிக்கேன். நீங்க பயப்படாம பின்னால கேரியர்ல உக்காந்துக்கிடுங்க."

தவசிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுப்படியில் ரத்தினம் பொத்திக்கொள்ளவில்லை. அவள் சிரித்த சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டது.