அஜ்தர் வாத்தியார் தபாலில் அனுப்பிய சர்க்கரைக்கட்டி

தந்தூரிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டியின்மேல் கை வைத்துச் சத்தியம்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் எங்கள் ஊர் ஷேக்கிக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் அஜ்தருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது. தன் முன்னோர் கலப்பில்லாத ஓகுஸ் துருக்கியர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கிலிருந்து குதிரையைவிட்டு இறங்காமலே வந்து சேர்ந்தவர்கள். மற்ற எல்லோர் மேலும் அவருக்குச் சந்தேகம்தான். பக்கத்து வீட்டுக்காரர் நடையில் மலைக்காரச் சாயல், தபால்காரர் புருவத்தில் பாரசீகம்.

அவர் மகள் நர்கிலாவைப் பெண் கேட்டு, லங்கரானிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா மீர்ஹைதர் வந்தார். சம்மதம் சொல்கிற நாளில்தான் பெண் வீட்டில் தேநீரோடு சர்க்கரை வைப்பார்கள். அதுவரை வெறும் தேநீர். அஜ்தர் வந்தவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். தெற்கத்திக்காரர். சோற்றைப் பற்றி மூன்று தடவை பேசினார். சுவரிலிருந்த குதிரைப் படத்தைக் காட்டியும் கண் கலங்கவில்லை.

விருந்தாளி போனதும், தட்டில் பாதி கடித்த சர்க்கரைக்கட்டி ஒன்று கிடந்தது. அஜ்தர் அதைக் கைக்குட்டையில் பொதிந்து, எச்சிலைப் பார்த்து வம்சம் சொல்லும் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிவைத்தார்.

"அந்தக் காகிதம் வர்றதுக்குள்ள அவங்க வேற பொண்ணு பார்த்துட்டா, உங்க குதிரைப் படத்தையே நான் கட்டிக்க வேண்டியதுதான்," என்றாள் நர்கிலா. அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. பதில் கேட்க மீர்ஹைதரும் வந்தார். அஜ்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றே வாசித்தார்.

"பாதி காக்கேசிய மலைக்காரன். மிச்சத்துல பெரும்பங்கு பாரசீகப் பக்கம். துருக்கி ரத்தம், புலாவுல குங்குமப்பூ போட்ட அளவு. மன்னிக்கணும் மீர்ஹைதர், உங்க பூர்வீகம் நமக்குத் தோதுப்படாது."

"என் பூர்வீகமா? அதை எங்கேர்ந்து பிடிச்சீங்க வாத்தியாரே?"

"அன்னிக்கு நீங்க கடிச்சுப் போட்ட சர்க்கரைலேர்ந்து."

மனைவி சய்யாரா வாசற்படியில் சாய்ந்தபடி சொன்னாள்: "அன்னிக்கு அவருக்குச் சர்க்கரையே வைக்கலையேங்க. கட்டியைக் கடிக்காம ஒரு வாய் டீ இறங்காதுன்னு சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் திரியற ஆள் இந்த வீட்ல ஒருத்தர்தான்."

அஜ்தரின் கை தானாகத் தன் சட்டைப்பைக்குப் போனது.

இப்போது மீர்ஹைதர் கண்ணைச் சுருக்கி, அஜ்தரை உச்சி முதல் பாதம் வரை அளந்தார். மூக்கின்மேல் பார்வை சற்று அதிகநேரம் நின்றது. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு எடுக்கறதுன்னா எங்க பக்கமும் ஏழு தலைமுறை விசாரிப்போம் வாத்தியாரே. யோசிச்சுச் சொல்றேன்."

உள்ளே நர்கிலா விசும்புவது கேட்டது. அஜ்தர் அடுக்களைக்கு ஓடினார். கல்யாணத்துக்கு உடைக்கிற கூம்புச் சர்க்கரையை முழுசாகத் தூக்கிவந்து விருந்தாளியின் முன் வைத்தார்.

மீர்ஹைதர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை யாரும் கடிக்கலையே?"

"என் முன்னோர் மேல ஆணை!"

"எந்த முன்னோர்?"

அஜ்தர் கூம்பை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். மீர்ஹைதர் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். இலையுதிர் காலத்தில் கல்யாணம் தடபுடலாக நடந்தது.

ஷேக்கிக்கு வந்து விசாரித்தால் இதையும் சொல்வார்கள்: அஜ்தருக்குப் பிள்ளைகள் மூன்று, மூன்றும் ஆண்; பெண்ணே கிடையாது.