பதினொரு முறை வாய்திறந்தவள்

கிழக்கே எழுந்த இளங்கதிர் நகரத்துக் கூரைகளை ஒவ்வொன்றாய்த் தொட்டிறங்கி, வழக்குமன்றத்தின் அகன்ற கற்படிகளில் வந்து படிந்த வேளை அது. கரிய அங்கி பூண்ட வழக்குரைஞர் ஏட்டுக் கட்டுகளை மார்போடு அணைத்து விரைய, வெல்வோம் என்று நிமிர்ந்தாரும் வீழ்வோமோ என்று வெளிறினாரும் ஒரே நீள்பலகையில் தோளுரச அமர்ந்திருக்க, வாயிற்காவலர் மட்டும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நயமறிந்த அன்பரே, நாள்தோறும் நூறு நாக்குகள் புரளும் அம்மன்றத்தில், அன்றைய முதல் வழக்கை எடுக்குமுன் ஒரு நாழிகைப் பொழுது, முப்பத்தோராண்டு அங்கே சுருக்கெழுத்தாளராய்ப் பணியாற்றி மறைந்த பெண்ணொருத்தியைப் போற்றுதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதன்பொருட்டு அழைக்கப்பெற்று, ஏறத் துணிவின்றி முதற்படியிலேயே நின்றிருந்தார் அவள் கணவர். அவர் பூட்டுச் செப்பனிடும் தொழிலினர்.

பூட்டுக்காரர் பேச்சில் வல்லவர் என்றால் அது குறைத்துச் சொன்னதாகும். மாலையில் கடையடைத்து வீடு வந்தாரென்றால், அன்று திறந்த பூட்டு, திறக்க மறுத்த பூட்டு, சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியவரின் கூத்து என்று அடைமழையாய்ப் பொழிவார். அவளோ, பகலெல்லாம் பிறர் மொழியைத் துரத்தி எழுதிக் கடுத்த விரல்களை வெந்நீர்க் கிண்ணத்தில் அமிழ்த்தியபடி, இதழோரம் சிறு நகையோடு கேட்டிருப்பாள். மன்றத்தில் கேட்ட ஒரு சொல்லும் அவள் வழியாக வீட்டு வாயிலைத் தாண்டியதில்லை. “உன் வாய்க்கு நான் போடாத பூட்டு யார் போட்டது? சாவியக் குடு, தொறந்து பாக்கறேன்” என்று அவர் சீண்டினால், “நீங்க சொல்லுங்க” என்பதே அவள் மறுமொழி.

ஒரே ஒரு குறை மட்டும் முள்ளாய் அவர் நெஞ்சில் தங்கியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ணில் இரும்புத்தூள் பாய்ந்து, பார்வை மீளுமோ மீளாதோ என்று மருத்துவர் கையை விரித்த நாளிலும், அவள் வழக்கமான நேரத்தில் மன்றத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். கண் பிழைத்தது; குறை ஆறவில்லை. “கட்டின புருசன் கண்ணவிட உனக்குக் கோர்ட்டு பெருசு” என்று ஆண்டுக்கு இருமுறையேனும் குத்திக்காட்டுவார். அவள் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை.

அவள் போய் நான்கு திங்கள் ஆயின. அவள் குரலைக் கேட்க அவர் நினைவைத் துழாவிய போதெல்லாம் தம் குரலே அகப்பட்டது. பேசிப் பேசியே அவள் பேச்சுக்கு இடமில்லாமல் அடித்துவிட்டோமே என்னும் ஏக்கம் அவரை அரித்தது. அவள் சொன்ன சொற்றொடர் ஒன்றையேனும் பெற்றுக்கொண்டுதான் வீடு திரும்புவது என்று உறுதிகொண்டே அன்று அவர் வந்திருந்தார்.

ஆகவே மன்றத்துள் நுழையுமுன் ஏட்டறைக் காப்பாளரைத் தேடிப்போய்க் கேட்டார். சுவர் மறைய நின்ற அடுக்குகளைக் காட்டி அக்காப்பாளர் தலையசைத்தார்.

“இத்தனையும் அவங்க கைபட்டதுதாங்க. ஆனா அவங்க பேச்சு இதுல ஏது? எல்லாம் மத்தவங்க சொன்னது. தன் சொல்லு ஒண்ணு கலந்தாலும் அது பதிவே இல்லன்னு சொல்றவங்க அவங்க.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாதவராய் மன்றத்துள் சென்றமர்ந்தார் பூட்டுக்காரர். நடுவர் எழுந்து, “ஒருமுறை நான் சொன்னதையே நான் மறுத்தேன். அவர் ஏட்டைப் புரட்டினார். குரலை உயர்த்தாமல், நான் சொன்னது சொன்னபடி வாசித்தார். அன்று இந்த மன்றத்தில் நீதியைக் காத்தவர் அவர்தான், நானல்ல” என்றார். அவையோர் எழுந்து நின்று அமைதி காத்தனர். கணவருக்கோ எல்லாம் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிய புகழ்ச்சியாகவே பட்டது.

அப்போது, இருபதாண்டு அவளோடு முறைமாற்றி அதே இருக்கையில் எழுதிய தோழி, கையில் ஒற்றைத் தாளோடு எழுந்தாள்.

“அண்ணா, எங்க வேலையில ஒரு விதி உண்டு. காதுல விழலன்னு நாங்க குறுக்க பேசினா, அதையும் நாங்களே எழுதியாகணும். நாலு மாசமாத் தேடினேன். முப்பத்தோரு வருசத்துல அவ பதினொரு தடவ பேசியிருக்கா.”

யானைப் பசிக்குச் சோளப்பொரி எனினும் பூட்டுக்காரர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். தோழி படித்தாள். “கொஞ்சம் மெதுவா.” “ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க.” “அழுது முடிங்கம்மா, நான் காத்திருக்கேன்.” பத்தும் இத்தகையனவே. பதினொன்றாவதைப் படிக்குமுன் அது பதிவான நாளைத் தோழி சொன்னாள். அது இரும்புத்தூள் பாய்ந்த நாள்.

“மன்னிக்கணும், தப்பு என்னோடது. ஒரு நொடி மனசு இங்க இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. மறுபடி சொல்லுங்க.”

தாளைத் தாழ்த்தினாள் தோழி. “அன்னிக்கு ஒரு கொலை வழக்கு. நான் காய்ச்சல்ல கிடந்தேன். மாத்தி எழுத ஆளில்ல. அவ தன் தப்புன்னு எழுதினது இது ஒண்ணுதான், அண்ணா.”

பத்தொன்பது ஆண்டு குத்திய குத்தெல்லாம் திரும்பி வந்து பூட்டுக்காரரின் நெஞ்சிலேயே தைத்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று ஏங்கினார். சொல்ல நாம் எங்கே விட்டோம் என்று உடனே உணர்ந்தார். நடுவர் அவரைப் பேச அழைத்தார். தோழி எழுதுகோலை எடுத்து, மறைந்தவளின் இருக்கையில் அமர்ந்தாள். வாய்க்கு ஓய்வறியாத அம்மனிதர் எழுந்து நின்றார். நெடும்பொழுது கழிந்தபின், அவ்விருக்கையையே நோக்கி மெல்லச் சொன்னார்.

“நீ சொல்லு. இனிமே நான் கேக்கறேன்.”

தோழி அதனை எழுதினாள். அதன் கீழே, மறுமொழி எழாத இடத்தில் சுருக்கெழுத்தாளர் எழுதும் வழக்கப்படி, ‘விடை இல்லை’ என்றும் எழுதினாள். அன்பரே, அவ்வேடும் இன்று அவள் ஏடுகளுக்கு அருகிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. பூட்டுக்காரர் வீட்டு மேசைமேல் மாலைதோறும் ஒரு கிண்ணம் வெந்நீர் வைக்கப்படுகிறது. அது ஆறும்வரை அவர் எதுவும் பேசுவதில்லை.